யமுனா போட்ட கோணல் கோடு

நீங்கள் கொடுத்த பேனா முதலில் எழுதவில்லை. முனையை உள்ளங்கையில் வைத்து நாலு தடவை உருட்டினேன், எழுத ஆரம்பித்துவிட்டது. இந்த மாதிரிப் பேனாக்கள் பெரும்பாலும் கெட்டுப்போவதில்லை, ஐயா. முனையில் மை காய்ந்திருக்கும், அவ்வளவுதான். நாம்தான் பொறுமையில்லாமல் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

என் பெயர் நல்லதம்பி. வயது அறுபத்தேழு. துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் ஃபிட்டராக இருந்தேன். இப்போது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால், பன்னிரண்டு வீடுள்ள ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் நானும் என் மனைவி சந்திரம்மாளும் இருக்கிறோம். எதிர் வீடு யமுனாவுடையது. போன ஆடிப் பதினெட்டு அன்று காவிரியில் போன அதே யமுனாதான். அப்போது நான் கொடுத்த வாக்குமூலம் உங்கள் ஃபைலில் இருக்கும். அதில் பொய் என்று எதுவும் இல்லை. சில வரிகள் விட்டுப்போயிருந்தன. அவற்றை எழுதத்தான் இன்று வந்தேன்.

உங்கள் மேஜைமேல் இருப்பது என்னுடைய மல்டி டூல். நான் ஓய்வு பெற்றபோது என் மகள் வேணி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரித்தால் பிளையர். கைப்பிடிகளுக்குள் ஒரு கத்தி, இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு குட்டி ரம்பம், அரம் எல்லாம் படுத்திருக்கும். எதைத் திறந்தாலும் கடைசியில் 'டக்' என்று பூட்டு விழும். அந்தப் பூட்டு விழுந்தால்தான் வேலை செய்யும்போது மடங்கிக் கையை வெட்டாது.

ஓய்வு பெற்ற மனிதனுக்கு வீட்டில் என்ன மரியாதை என்பது உங்களுக்கு இன்னும் சில வருடங்களில் தெரியவரும். காலையில் பேப்பர், பிறகு இன்னொரு தடவை அதே பேப்பர். இந்தக் கருவி வந்த பிறகுதான் எனக்கு மறுபடியும் உயிர் வந்தது. வெளியே கிளம்பும்போது செருப்பை மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன். கீழ்வீட்டு ரோஷன் பேகம் அம்மாவின் குக்கர் கைப்பிடி, கிளமென்ட் சாரின் மூக்குக் கண்ணாடி, மொட்டை மாடிக் குழாய், யாரோ ஒருவருடைய பெட்டியின் ஜிப், எல்லாவற்றுக்கும் நான்தான். "பேருக்கேத்த மனுஷன்" என்று ரோஷன் பேகம் அம்மா சொல்வார்கள். அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. கேட்காமல் யார் வீட்டுச் சாமானையும் தொட மாட்டேன். கழற்றிய ஸ்க்ரூவையோ நட்டையோ தரையில் வைக்க மாட்டேன்; சட்டைப் பையில்தான் போடுவேன், உருண்டு போகாது. முறுக்கி முடித்ததும் ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் ஒரு சின்னக் கோடு போடுவேன். இது தொழிற்சாலைப் பழக்கம். அங்கே மஞ்சள் பெயிண்டில் போடுவோம். கோடு நேராக இருக்கும்வரை ஸ்க்ரூ அசையவில்லை என்று அர்த்தம். கோடு உடைந்திருந்தால் தளர்ந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

சந்திரம்மாள் ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அடுத்தவங்க வீட்ல எதாச்சும் ஒடஞ்சாத்தான் உங்க மூஞ்சி தெளியுது." அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு நாள் முன்னால், ரோஷன் பேகம் அம்மா தேநீர் எடுத்துவர உள்ளே போன நேரத்தில், நான் அந்தக் குக்கர் கைப்பிடியின் ஸ்க்ரூவை அரைச் சுற்று இடதுபக்கம் திருப்பிவிட்டு வந்திருந்தேன்.

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா ஸ்க்ரூவும் நாள்பட்டால் தளரத்தான் செய்யும். நான் அதற்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன், அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒரு காயமும் பட்டதில்லை. வாரத்துக்கு ஒருவராவது என் கதவைத் தட்டினார்கள்.

யமுனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. ஊர் உப்பிலியபுரம். அங்கே அவள் தம்பி அன்புச்செல்வன் விவசாயம் பார்க்கிறார். இவள் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலையில் இருந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் காலிப்பர் போட்டிருப்பாள். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, தோல் வார், முழங்காலில் ஒரு கீல். உட்காரும்போது கீல் மடங்கும். எழுந்து நின்றால் ஒரு வளையம் கீழே இறங்கிக் கீலைப் பூட்டும். 'டக்.' சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சத்தம் வராந்தாவில் கேட்டால் யமுனா வந்துவிட்டாள் என்று அர்த்தம். லிஃப்டில் இருக்கும் ஸ்டூலிலிருந்து எழுந்திருப்பாள்.

அவளிடம் யாரும் பாவம் பார்க்க முடியாது. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "நீங்க உக்காருங்க, உங்களுக்குத்தான் ரெண்டு காலும் வலிக்கும், எனக்கு ஒண்ணுதான்" என்பாளாம். அதனாலேயே பிறகு சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டாள். அப்படிப்பட்டவள் என்னிடம் மட்டும் வந்து, "அண்ணே, கீலு கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு, பாக்கறீங்களா?" என்று கேட்டாள். ஒன்பது வருடம் அந்தக் காலிப்பரை நான்தான் பார்த்துக்கொண்டேன். கீலைப் பிடித்திருந்தது ஒரே ஒரு ஸ்க்ரூவும் பின்னால் ஒரு நட்டும். மாதம் ஒரு தடவை முறுக்கி, அவளுடைய நகப்பூச்சிலேயே ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுப்பேன். அவள் தினமும் காலையில் குனிந்து கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவாள். சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். அதை நான் என் வாசலில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அவள்மேல் வேறு எந்த எண்ணமும் இருந்ததில்லை. கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

போன ஆனி மாதம் ஒரு பார்சல் வந்தது. யமுனா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். என்னுடையதைப் போலவே ஒரு மல்டி டூல், சிவப்புக் கைப்பிடி போட்டது.

"எத்தன தடவதாண்ணே உங்களத் தொந்தரவு பண்றது? இனிமே நானே பாத்துக்கறேன்."

"தொந்தரவுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. எனக்கே தோணாதா? இங்க பாருங்க, இந்த மாசம் நானே முறுக்கிட்டேன். கோடும் போட்டுட்டேன்."

காலை நீட்டிக் காட்டினாள். முறுக்கு சரியாகத்தான் இருந்தது. கோடுதான் கோணல். குழந்தை சுவரில் கிறுக்கியது போல வளைந்து போயிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு என்ன ஆயிற்று என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முப்பத்துநாலு வருட வேலைக்குப் பிறகு ஒரு சால்வையைப் போர்த்தி கேட்டுக்கு வெளியே விட்டார்களே, அதே மாதிரி இருந்தது. இந்தத் தடவை சால்வையும் இல்லை.

அதன் பிறகு ரோஷன் பேகம் அம்மாவின் மிக்சி மூடியை அவள் சரிசெய்து கொடுத்தாள். கிளமென்ட் சாரின் கண்ணாடியையும். "யமுனா வச்சிருக்கா, சட்டுனு பண்ணிக் குடுத்துட்டா" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் காவிரிக்குக் காதோலை கருகமணி, பழம், மஞ்சள் கயிறு எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுபோய்ப் படைத்து ஆற்றில் விடுவது உங்களுக்குத் தெரியும். யமுனா வருடா வருடம் தட்டைச் சந்திரம்மாளிடம் கொடுத்துவிட்டு மேலேயே நிற்பாள். படியில் இறங்கினதில்லை. இந்த வருடம் தானே இறங்கித் தன் கையால் விடப்போவதாகச் சொன்னாள். அம்மா மண்டபத்தில் கூட்டம் நெரியும், எல்லாரும் கை கொடுக்க வருவார்கள் என்று, மேற்கே இருக்கும் சின்னப் படித்துறைக்கு விடிந்ததும் போய்விட்டு வரத் திட்டம். "மூணே படிதாண்ணே. நாப்பத்தாறு வருஷத்துல காவேரில கால் நனைக்கல. சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

முதல் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். காலிப்பரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து அடுப்படியில் சித்திரான்னத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். "படியில எறங்கப் போறியே, ஒரு தடவ நான் பாத்து வச்சிடறேம்மா" என்றேன். "பாத்தாச்சுண்ணே. சரி, உங்க திருப்திக்குப் பாருங்க" என்றாள். கேட்காமல் நானாகப் போய்ச் செய்த வேலை அது ஒன்றுதான்.

நட்டைக் கழற்றினேன். கழற்றும்போது ஸ்க்ரூ கொஞ்சம் திரும்பி அவள் போட்ட கோடு உடைந்தது. கத்தியால் அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஜன்னலில் இருந்த நகப்பூச்சை எடுத்துப் புதிதாக ஒரு கோடு போட்டேன். நேராக. ஊதிக் காயவைத்தேன். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. நட்டை வழக்கம்போலச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் கணக்கு என்ன என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நட்டு இல்லாவிட்டாலும் ஸ்க்ரூ கொஞ்ச தூரம் தாங்கும். ஸ்கூட்டரில்தான் போவாள். இறங்கி முப்பது அடி நடை. படியில் குனியும்போது பாரம் ஏறி ஆட்டம் கொடுக்கும். நான் பக்கத்திலேயே இருப்பேன். பிடித்துக்கொள்வேன். மேலே கூட்டிவந்து உட்காரவைத்து, மல்டி டூலைத் திறந்து, நட்டைப் போட்டு முறுக்கிக் கொடுப்பேன். அவள் வீட்டுக்குப் போனதும் அந்தச் சிவப்புக் கைப்பிடியை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவாள். இதற்குமேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அதற்காகத்தான் நட்டைப் பையிலேயே எடுத்துக்கொண்டு போனேன்.

காலையில் வாசலில் அவள் குனிந்து பார்த்தாள். "என் கோணக் கோட்ட அழிச்சுட்டு நீங்களே போட்டுட்டீங்களாண்ணே? ஆனாலும் உங்க கை மாதிரி எனக்கு வராது" என்று சிரித்தாள். எழுந்து நின்றாள். 'டக்.' சந்திரம்மாள் பெரிய படித்துறைக்குப் பெண்களோடு கிளம்பிவிட்டாள். யமுனாவுக்குத் தட்டைத் தூக்க நான் போனேன்.

தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. மேட்டூரைத் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. படித்துறையில் வேறு யாரும் இல்லை. யமுனா பக்கவாட்டில் இருந்த இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முதல் படி இறங்கினாள். இரண்டாவது. மூன்றாவது படியில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. "ஐயோ, என்னா குளுருண்ணே" என்றாள். தட்டை வாங்கி, குனிந்து, காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டாள். அது சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் குனிந்தாள். கீல் விட்டுவிட்டது.

மீதி உங்கள் ஃபைலில் இருக்கிறது. விழுந்தாள், நான் கையைப் பிடித்தேன், பிடி நழுவிவிட்டது, நானும் தண்ணீரில் இறங்கித் தேடினேன். நான் போட்ட சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் என்னைக் கழுத்தளவு தண்ணீரில் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கிழக்கே ஒரு நாணல் திட்டில் கிடைத்தாள். ஊரே என்னைத் தேற்றியது. "உங்க உசுர மதிக்காம எறங்குனீங்களே" என்று ரோஷன் பேகம் அம்மா அழுதார்கள். அவர்கள் கொண்டுவந்த கஞ்சியை நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு இந்தக் கருவியை என்னால் திறக்க முடியவில்லை. துருப்பிடித்து இறுகிவிட்டதோ என்று நினைத்துவிடாதீர்கள், எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். சத்தம்தான். கத்தியைத் திறந்தால் 'டக்.' ஸ்க்ரூ டிரைவரைத் திறந்தால் 'டக்.' ஒன்பது வருடமாக இரண்டும் ஒரே சத்தம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒருநாள் தேங்காய் நார்க் கயிற்றை அறுக்கத் திறந்தேன், அடுத்த நிமிடம் எதிர் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே பூட்டுத் தொங்கியது. கருவியை மடக்கி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகும் சாயங்காலம் ஆறு மணிக்கு வராந்தாவில் கேட்கத்தான் செய்தது. சந்திரம்மாளிடம் கேட்டேன். "லிஃப்ட் கதவுங்க" என்றாள். மறுநாள் லிஃப்ட் பழுது, எல்லாரும் படியேறித்தான் வந்தார்கள். அன்றும் ஆறு மணிக்குக் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. இந்த வயதில் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்த வேலைகளையெல்லாம் கை வலிக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். யமுனா போன துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துக்கம்தான், பொய் இல்லை.

முந்தாநாள் அன்புச்செல்வன் வந்தார். வீட்டைக் காலி செய்ய வந்தவர், என் வீட்டுக்கும் வந்தார். கையில் ஒரு துண்டில் சுற்றிய சாமான்.

"அண்ணே, எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்குது, அக்கா மாதிரியே காலு. இத அதுக்குக் குடுத்துறலாம்னு பாக்கறேன். முட்டிக்கிட்ட ஒரு ஸ்க்ரூ போயிருச்சு. நீங்க ஒரு தடவ பாத்துக் குடுத்தீங்கன்னா தைரியமாக் குடுப்பேன். அக்கா உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லிக்கிட்டு இருக்கும்."

துண்டைப் பிரித்தார். ஆற்று மணல் இன்னும் தோல் வாரில் ஒட்டியிருந்தது. கீல் இருந்த இடத்தில் ஓட்டை. இரும்புப் பட்டைமேல் சிவப்பாகப் பாதிக் கோடு இருந்தது. மறுபாதி ஸ்க்ரூவோடு காவிரியில் போய்விட்டது. நகப்பூச்சு அவ்வளவு தண்ணீரிலும் அழியவில்லை. பாதியாக இருந்தாலும் நேராக இருந்தது.

இதுவரை என் கையில் கொடுத்த எதையும் நான் சரிசெய்யாமல் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்த நட்டு சட்டைப் பையிலிருந்து என் மேஜை டிராயருக்குப் போய், இரண்டு மாதமாக அங்கேதான் இருந்தது. ஒரு ஸ்க்ரூ வாங்கி, இந்த நட்டையே போட்டு முறுக்கினால் ஐந்து நிமிட வேலை. நேற்று முழுவதும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருவியைத் திறக்கக் கை வரவில்லை. முறுக்கி, கோடு போட்டுக் கொடுத்தால், அந்தப் பெண் தினமும் காலையில் குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பாள். அதனால்தான் காலிப்பர், கருவி, நட்டு மூன்றையும் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன். நட்டை இந்தத் தாளோடு குத்தி வைத்திருக்கிறேன், விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "பிடிச்ச கை எப்படிங்க நழுவுச்சு?" உங்கள் முன்னால் வாயால் சொல்ல வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நழுவவில்லை. நான் பிடித்துவிட்டேன். என் கணக்குத் தப்பவில்லை. அவள் விழுந்த வேகத்தில் இடுப்பளவு தண்ணீரில் போனாள், நான் இரண்டாவது படியில் உட்கார்ந்து அவள் இடது மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் வலது கை சங்கிலியில் இருந்தது. இழுத்திருந்தால் வந்திருப்பாள். அப்போது அவள் தன் முழங்காலைப் பார்த்தாள். தண்ணீர் அந்தக் காலை மேலே தூக்கிக் காட்டியது. பாதிக் கோடு. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கோடு சரியா இருந்துச்சேண்ணே" என்றாள்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு, "கைய விடுங்க" என்றாள். "நானே ஏறிக்கறேன்."

விட்டேன். அவள் சொல்லித்தான் விட்டேன்.

இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்த்தாள். மடங்கிய இரும்போடு அந்தக் காலை ஆறு இழுத்தது. மூன்று நிமிடம் இருக்கும். நான் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு கை விட்டது. பிறகு இன்னொன்றும் விட்டது. அவள் போன பிறகுதான் நான் தண்ணீரில் இறங்கினேன்.

கேட்காமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஐயா. அது அவளுக்கும் தெரியும். "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். ஒன்பது வருடம் கூப்பிட்டவள், அன்று கூப்பிடவில்லை. எனக்கு அவள்மேல் இருக்கும் வருத்தம் அது ஒன்றுதான்.